கடலில் பெரிய கப்பலை நிறுத்த எது ஏற்ற வழி: பின்னியக்கமா, சுக்கானா, நங்கூரமா?

கப்பல் அதிகாரிகளுக்கான வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. முழுச் சரக்கேற்றிய எண்ணெய்க் கப்பல் 15 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் செல்கிறது. நேர் முன்னே 2 கடல் மைல் தொலைவில் நகராத தடை ஒன்று தென்படுகிறது. எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி நிறுத்துவதா, சுக்கானை முழுவதும் திருப்பி விலகுவதா, அல்லது இரண்டையும் ஒருசேரச் செய்வதா? சாலையில் வண்டி ஓட்டிப் பழகிய மனம் உடனே பிரேக்கைத்தான் தேடுகிறது. கப்பலில் பிரேக் என்று ஒன்று இல்லை. அதற்கு ஈடாகச் சொல்லப்படும் வழிகள் ஒவ்வொன்றும் ஒன்றைக் கொடுத்து வேறொன்றைப் பறித்துக்கொள்கின்றன.

எதை அடக்க வேண்டியிருக்கிறது என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 330 மீட்டர் நீளமும், சரக்கோடு சேர்த்து ஏறத்தாழ 3,40,000 டன் எடையும் உள்ள ஒரு பெரிய எண்ணெய்க் கப்பல் 15 நாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 7.7 மீட்டர் வேகத்தில் செல்லும்போது, அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,000 கோடி ஜூல். மின்கட்டணக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 2,800 யூனிட். மாதம் 200 யூனிட் செலவாகும் வீட்டுக்கு ஓராண்டைத் தாண்டியும் போதும். இத்தனையையும் தண்ணீருக்குள் தள்ளிக் கரைத்தால்தான் கப்பல் நிற்கும். வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசியாகிவிடும் என்பதையும் இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

## எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது

நிற்பதற்குள் கப்பல் முன்னே எவ்வளவு தூரம் ஓடும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் அளவுகோல். பக்கவாட்டில் எவ்வளவு இடம் வேண்டும் என்பது இரண்டாவது. கப்பலின் முன்முனையான அணியம் எந்தத் திசையில் இருக்கும் என்பது அதிகாரியின் கையில் இருக்கிறதா, இல்லையா என்பது மூன்றாவது. எஞ்சினுக்கும், சரக்குக்கும், ஆட்களுக்கும் ஏற்படக்கூடிய சேதம் நான்காவது. ஐந்தாவதாக ஒன்றை நான் சேர்க்கிறேன்: தேர்ந்தெடுத்த வழி பலிக்கவில்லை என்றால் அடுத்த வழி மிச்சம் இருக்குமா? இந்த ஐந்தில் முதலாவதற்குத்தான் பேச்சில் அதிக இடம் கிடைக்கிறது. மூன்றாவதும் ஐந்தாவதும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

## எஞ்சினை நிறுத்திவிட்டுத் தானாகத் தணியவிடுதல்

எரிபொருளை நிறுத்தியதும் கப்பல் முதலில் வேகமாகத் தளர்வதுபோலத் தோன்றும். பிறகு நகர்ந்துகொண்டே இருக்கும். நீரின் தடை ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதுதான் காரணம். இதிலிருந்து ஒரு விந்தையான விளைவு கிடைக்கிறது: 15 நாட்டிலிருந்து ஏழரைக்கு இறங்க எவ்வளவு தூரம் பிடிக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் ஏழரையிலிருந்து மூன்றேமுக்காலுக்கு இறங்கவும் பிடிக்கும், அடுத்த பாதிக்கும் அவ்வளவே. பெரிய டாங்கர்களில் ஒவ்வொரு பாதிக்கும் பல கிலோமீட்டர் கழியும். ஆகவே இது நிறுத்தும் வழி அன்று, தணிக்கும் வழி மட்டுமே.

ஆனாலும் அன்றாடம் மிக அதிகமாகப் பயன்படுவது இதன் ஒழுங்கான வடிவம்தான். துறைமுகத்தை நெருங்கும் கப்பல், உள்ளே வழிகாட்டும் பைலட் ஏறும் இடத்துக்கு நெடுநேரம் முன்பாகவே எஞ்சின் அறைக்குத் தகவல் கொடுத்து, சுழற்சியைப் படிப்படியாகக் குறைத்து, கடல் வேகத்திலிருந்து கையாளும் வேகத்துக்கு இறங்குகிறது. எஞ்சினின் உலோகம் மெல்லக் குளிர்கிறது. மெதுவாகவேனும் புரொபெல்லர் சுழல்வதால் சுக்கானின் மேல் நீர் பாய்ந்துகொண்டிருக்கிறது. வழி மாற்ற வேண்டியிருந்தால் எல்லா வழிகளும் திறந்தே இருக்கின்றன. செலவு நேரம் மட்டுமே. அட்டவணை நெருக்கடியில் அந்த நேரத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள் என்பது வேறு கதை.

## முழுப் பின்னியக்கம்: 'கிராஷ் ஸ்டாப்'

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2002இல் ஏற்றுக்கொண்ட கையாளுதல் தரநிலைகளின்படி, சோதனை வேகத்தில் செல்லும் கப்பலுக்கு முழுப் பின்னியக்கக் கட்டளை கொடுத்தால், நிற்பதற்குள் அது கடக்கும் பாதையின் நீளம் கப்பலின் நீளத்தைப் போல 15 மடங்கைத் தாண்டக் கூடாது. மிகப் பெரிய கப்பல்களுக்கு இது நடைமுறைக்கு ஒவ்வாதபோது வரம்பைத் தளர்த்தலாம்; ஆயினும் 20 மடங்கை எந்நிலையிலும் மீறக் கூடாது. நமது 330 மீட்டர் கப்பலுக்கு 15 மடங்கு என்பது 4,950 மீட்டர், அதாவது 2.7 கடல் மைல்; 20 மடங்கு என்றால் 6,600 மீட்டர். தொடக்கத்தில் சொன்ன தடை 2 மைலில்தான் இருக்கிறது. தரநிலையை ஒழுங்காக நிறைவேற்றும் கப்பல்கூட அதற்குள் நிற்கும் என்று நம்ப இடமில்லை.

இத்தனை தூரம் ஏன் பிடிக்கிறது என்பது எஞ்சின் அறையில்தான் விளங்கும். பெரிய சரக்குக் கப்பல்களில் பெரும்பாலானவை மெதுவாகச் சுழலும் இரண்டடிப்பு டீசல் எஞ்சினைக் கொண்டவை. எஞ்சின் தண்டு இடையில் கிளட்ச் எதுவும் இல்லாமல் நேராகப் புரொபெல்லரோடு பிணைக்கப்பட்டிருக்கும். பின்னோக்கிச் செல்ல வேண்டுமானால் எஞ்சினையே நிறுத்தி, எதிர்த்திசையில் மறுபடியும் கிளப்ப வேண்டும். ஆனால் எரிபொருளை நிறுத்திய பிறகும், பாய்ந்து வரும் நீர் புரொபெல்லரைக் காற்றாடியைப் போலச் சுழற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுழற்சி போதிய அளவு இறங்கும் வரை எதிர்த்திசையில் அழுத்தக் காற்றைச் செலுத்திக் கிளப்ப இயலாது. கட்டளை மேடையில் நிற்பவருக்கு மிக நீண்டதாகத் தோன்றும் இந்தக் காத்திருப்பில் கப்பல் முன்னேறிக்கொண்டே இருக்கிறது. கிளம்பிய பிறகும் முழுத் திறன் கிடைப்பதில்லை: பின்னோக்கிய சுழற்சி முன்னோக்கியதில் 70 விழுக்காடாவது 30 நிமிடம் தாங்க வேண்டும் என்பதே கப்பல்களைச் சோதித்துச் சான்று வழங்கும் வகைப்பாட்டுச் சங்கங்களின் விதி; புரொபெல்லர் இறகுகளும் முன்னோக்கிய ஓட்டத்துக்காக வடிக்கப்பட்டவை. பெரிய டாங்கர் முழுவதும் நிற்கக் கால் மணி நேரம் ஆவது வியப்பில்லை.

தூரத்தைவிடப் பெரிய இழப்பு திசை. சுக்கான் வேலை செய்வது அதன் மேல் சீராகப் பாயும் நீரால்தான். புரொபெல்லர் எதிர்த்திசையில் சுழலும்போது அந்தப் பாய்ச்சல் குலைந்துவிடுகிறது. வலப்புறம் சுழலும் ஒற்றைப் புரொபெல்லர் கொண்ட கப்பலில் பின்முனை இடப்பக்கம் இழுக்கப்பட்டு அணியம் வலப்பக்கம் திரும்பும் என்பது பாடப் புத்தக விதி. காற்றும், நீரோட்டமும், நீரின் ஆழமும் சேர்ந்து அந்த விதியையும் கலைத்துவிடக் கூடும். கப்பல் நிற்கும்போது தொடக்கத் திசைக்குக் குறுக்காகவே கிடப்பதும் உண்டு. தரநிலை கூறும் 15 மடங்கு என்பது நேர்கோட்டுத் தொலைவு அன்று, வளைந்து சென்ற பாதையின் நீளம் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மறைமுகச் செலவுகளும் உண்டு. எஞ்சின் மீது வெப்பச் சுமையும் முறுக்குச் சுமையும் ஏறுகின்றன. கப்பல் முழுவதும் அதிர்கிறது. அழுத்தக் காற்றுக் கலன்களில் இருப்பதும் அளவானதே: திசை மாற்றக்கூடிய எஞ்சினுக்கு மறுநிரப்பல் இல்லாமல் 12 கிளப்பல்கள் என்பது பொது விதி, பதற்றத்தில் கிளப்பல்கள் தவறினால் அந்த இருப்பு கரையும். இறகுக் கோணத்தை மாற்றும் புரொபெல்லர் உள்ள கப்பலில் எஞ்சினை நிறுத்தாமலே தள்ளுவிசையைத் திருப்பிவிடலாம் என்பதால் காத்திருப்பு குறைவு. எனினும் சுக்கான் குருடாவது அங்கும் நிகழும். நீராவிச் சுழலி கொண்ட பழைய கப்பல்களில் பின்னியக்கத்துக்குத் தனிச் சுழலி. அதன் திறனோ குறைவு.

அப்படியானால் இது எப்போது ஏற்றது? இருபுறமும் இடமே இல்லாதபோது. வேகம் ஏற்கனவே குறைந்திருக்கும்போது. மோதல் தவிர்க்க முடியாது என்று உறுதியாகி, மோதும் வேகத்தையாவது குறைக்க வேண்டியபோது. 6 நாட்டில் செல்லும் கப்பலுக்குப் பின்னியக்கம் நல்ல கருவி. 15 நாட்டில் அது ஒரு சூதாட்டம். மூன்று குறுகிய ஒலிகள் எழுப்பி, 'என் எஞ்சின் பின்னோக்கி ஓடுகிறது' என்று அருகிலுள்ள கப்பல்களுக்கு அறிவிப்பது விதி. பதற்றத்தில் மறக்கப்படுவதும் அதுவே.

## முழுச் சுக்கான் திருப்பம்

அதே 2002 தரநிலைகள் திருப்பத்துக்கும் வரம்பு வைத்துள்ளன. சுக்கானை 35 பாகை திருப்பினால், கப்பல் 90 பாகை திரும்புவதற்குள் பழைய திசையில் முன்னேறும் தொலைவு நான்கரை நீளத்தைத் தாண்டக் கூடாது. எதிர்த்திசைக்குத் திரும்புவதற்குள் ஆகும் வட்டத்தின் அகலம் 5 நீளத்தைத் தாண்டக் கூடாது. நமது கப்பலுக்கு முன்னேற்றம் அதிகபட்சம் 1,485 மீட்டர். நிற்பதற்கு 4,950, விலகுவதற்கு 1,485: இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால், 2 மைல் தடைக்கான விடை பாதி கிடைத்துவிடுகிறது.

மீதிப் பாதி, திருப்பமும் ஒரு வகையில் பிரேக்தான் என்பது. திரும்பும் கப்பல் தன் பக்கவாட்டைச் சரிவாக நீருக்குள் தள்ளிக்கொண்டு போகிறது. அந்தத் தடையால் பருத்த உடலுள்ள டாங்கர்கள் ஒரு முழு வட்டத்துக்குள் பாதி வேகத்தையோ அதற்கும் மேலோ இழக்கின்றன. பாதி வேகம் போனால் முக்கால் பங்கு ஆற்றல் போய்விடுகிறது. அதன் பிறகு பின்னியக்கம் கொடுத்தால் எஞ்சினும் எளிதில் கிளம்பும். முதலில் திருப்பு, பிறகு நிறுத்து என்று பழைய கேப்டன்கள் சொல்வதன் இயற்பியல் இதுதான். 1972ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளில் எட்டாவதும், போதிய கடல்வெளி இருந்தால் திசைமாற்றம் மட்டுமே மிகப் பயனுள்ள நடவடிக்கையாக இருக்கலாம் என்கிறது. அது உரிய நேரத்தில், கணிசமான அளவில், இன்னொரு கப்பலோடு புதிய நெருக்கடியை உண்டாக்காமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. தேவைப்பட்டால் வேகத்தைக் குறைக்கவோ, நிறுத்தவோ, பின்னியக்கவோ வேண்டும் என்பதையும் அதே விதி சொல்கிறது.

இதன் செலவுகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கப்பல் காரைப் போல முன்முனையைப் பின்தொடர்வதில்லை. அணியத்திலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொலைவிலுள்ள ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது. ஆகவே பின்முனை எதிர்ப்பக்கம் வெகுவாக வீசப்படும். அணியம் தடையைத் தாண்டிவிட்ட பிறகும் பின்முனை மோதக் கூடும். அடித்தளத்துக்கும் தரைக்கும் இடைவெளி குறைந்த ஆழமற்ற நீரில் வட்டம் கணிசமாக விரிந்துவிடும். உயரமான கப்பல்கள் சாயும்: 2006 ஜூலை 18 அன்று ஃபுளோரிடா கடலோரம் 'கிரவுன் பிரின்சஸ்' என்ற பயணியர் கப்பல், தவறான சுக்கான் கட்டளைகளால் சுமார் 24 பாகை சாய்ந்தது, 298 பேர் காயமுற்றனர். 2019 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலக் கடற்கரையில் 'கோல்டன் ரே' என்ற கார் ஏற்றும் கப்பல், போதிய நிலைப்புத்தன்மை இல்லாத நிலையில் ஒரு திருப்பத்திலேயே கவிழ்ந்தது. எண்ணெய்க் கப்பலுக்கு ஏற்றது கார்க் கப்பலுக்கும் ஏற்றது என்று எண்ணக் கூடாது.

பாதியில் நின்றுபோகும் திருப்பத்துக்கு இன்னொரு விலை உண்டு: அது பக்கவாட்டைத் தடைக்குக் காட்டிவிடுகிறது. 'டைட்டானிக்' வழக்கில், அதைக் கட்டிய நிறுவனத்தின் வடிவமைப்பாளர் எட்வர்ட் வைல்டிங், கப்பல் பனிப்பாறையில் நேராக மோதியிருந்தால் மூழ்கியிருக்காது என்று 1912 விசாரணையில் சாட்சியம் அளித்தார். உடன்பிறப்புக் கப்பலான 'ஒலிம்பிக்'கில் நடத்திய சோதனையில் 22½ பாகை திரும்ப 37 நொடிகள் ஆயின என்றும் அவர் கூறினார். 'டைட்டானிக்'கில் கொடுக்கப்பட்ட எஞ்சின் கட்டளை பின்னியக்கமா, வெறும் நிறுத்தமா என்பதில் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. ஒன்று மட்டும் உறுதி: நடுப் புரொபெல்லரை இயக்கிய சுழலியால் பின்னோக்கிச் சுழல இயலாது, அதை நிறுத்தத்தான் முடியும், அந்தப் புரொபெல்லருக்கு நேர் பின்னேதான் ஒரே சுக்கான் இருந்தது. ஒரே நேரத்தில் திருப்பவும் நிறுத்தவும் முனைந்தால், ஒன்று மற்றொன்றின் கையைக் கட்டிப்போடும் என்பதற்கு அந்த அமைப்பைவிடத் தெளிவான சான்று கிடையாது. தேர்வில் 'இரண்டையும் சேர்த்து' என்று விடை சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

## சுக்கானை மாற்றி மாற்றித் திருப்புதல்

பக்கவாட்டில் முழுத் திருப்பத்துக்கு இடமில்லை, ஆனால் ஓரளவு அகலமுள்ள வழி இருக்கிறது என்னும்போது பயன்படுவது இது. சுக்கானை ஒருபுறம் திருப்பி, கப்பல் குறிப்பிட்ட அளவு விலகியதும் மறுபுறம் முழுவதும் திருப்பி, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எஞ்சின் வேகத்தை ஒரு படி குறைத்துக்கொண்டே வர வேண்டும். சுக்கானின் தடையும், சரிந்து செல்லும் உடலின் தடையும் சேர்ந்து வேகத்தை விழுங்குகின்றன. பாம்பைப் போல் நெளிந்தாலும் பாதை பழைய கோட்டைச் சுற்றியே அமைகிறது. வேகம் நன்றாக இறங்கிய பிறகு பின்னியக்கம் கொடுத்து முடிக்கலாம்.

இறுதிக் கட்டம் வரை எஞ்சின் முன்னோக்கியே ஓடுவதால் சுக்கான் உயிரோடு இருக்கிறது. நடுவில் மனத்தை மாற்றிக்கொண்டு வேறு வழிக்குத் தாவ முடிகிறது. ஐந்தாவது அளவுகோலில் இதற்கே முதலிடம் கொடுப்பேன். குறை, இது பழக்கம் கேட்கும் வேலை என்பது; முன்பின் செய்து பாராத அதிகாரி நெருக்கடியில் இதன் தாளத்தைப் பிடிப்பது கடினம். நெளிந்து வரும் கப்பலின் எண்ணத்தை எதிரே வருபவர் தவறாகப் புரிந்துகொள்ளவும் கூடும்.

## நங்கூரம்

திரைப்படங்கள் பிரேக் என்று நம்பவைத்திருக்கும் கருவி இதுதான். நங்கூரச் சங்கிலி 27.5 மீட்டர் நீளமுள்ள துண்டுகளாக அளக்கப்படும்; பெரிய கப்பலில் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு, பதினான்கு துண்டுகள் இருக்கலாம், அதாவது நானூறு மீட்டருக்கும் குறைவு. ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள நடுக்கடலில் அது தரையைத் தொடுவதே இல்லை. தொடக்கூடிய ஆழத்திலும், நின்ற கப்பலைப் பிடித்து வைக்கவே நங்கூரம் வடிவமைக்கப்படுகிறது. ஓடும் கப்பலில் போட்டால் சங்கிலி அடங்காமல் உருவிக்கொண்டு ஓடும். பிரேக் பட்டைகள் தீய்ந்து போகும். முன்தளத்தில் நிற்பவர்களின் உயிருக்கு ஆபத்து. கடலடியில் கேபிளோ குழாயோ இருந்தால் அவற்றின் இழப்பும் கணக்கில் சேரும்.

2024 மார்ச் 26 அதிகாலை, அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட, ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள 'டாலி' என்ற கன்டெய்னர் கப்பல், பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தை நெருங்கும்போது மின்சாரத்தை இழந்தது, எஞ்சினும் நின்றது. பின்னியக்கம் இல்லை. துறையை விட்டு நகர்த்திய இழுவைப் படகுகள் ஏற்கனவே விலகிச் சென்றிருந்தன. பைலட் சுக்கானை இடப்புறம் திருப்பவும், இடப்பக்க நங்கூரத்தைப் போடவும், இழுவைப் படகுகளை அழைக்கவும் சொன்னார். சுமார் ஆறரை நாட் வேகத்தில் கப்பல் பாலத் தூணில் மோதிப் பாலம் சரிந்தது; அதன் மேல் சாலைப் பணியில் இருந்த ஆறு பேர் இறந்தனர். வேறு எதுவும் கையில் இல்லாதபோது நங்கூரத்தைப் போடுவதே சரி. அது தடுத்துவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு.

குறைந்த வேகத்தில் நிலைமை வேறு. துறைமுகத்துக்குள் குறைந்த சங்கிலியோடு நங்கூரத்தைத் தரையில் இழுபட விட்டு, அணியத்தை அடக்கியபடி கப்பலைக் கரையோரம் சேர்ப்பது பழைய கலை. கைதேர்ந்த பைலட்டுகள் இன்றும் அதைச் செய்கிறார்கள்.

## இழுவைப் படகுகள்

கேட்டால் கிடைப்பவை அல்ல, முன்பே உடன் இருக்க வேண்டியவை என்பதே இவற்றைப் பற்றிய முதல் உண்மை. பின்முனையில் கயிறு கட்டிய துணைப் படகு, குறைந்த வேகத்தில் நேராகப் பின்னிழுக்கும். வேகம் கூடியிருந்தால் தன் உடலையே நீரோட்டத்துக்குக் குறுக்கே சாய்த்து நிறுத்தி, அந்தத் தடையைக் கயிற்றின் வழியே கப்பலுக்குக் கொடுக்கும். 1989இல் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டீஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டிய பிறகு, 1990ஆம் ஆண்டின் அமெரிக்க எண்ணெய் மாசுச் சட்டம் அப்பகுதியில் ஒற்றைச் சுவர் டாங்கர்களுக்கு இரண்டு துணைக் கப்பல்களைக் கட்டாயமாக்கியது. பணச் செலவு அதிகம். ஆனால் கப்பலின் சொந்த எஞ்சின் செத்துப்போன நிலையிலும் வேலை செய்யும் நம்பகமான வழி இது ஒன்றே.

## ஒரே பார்வையில்

| வழி | முன்னே வேண்டிய இடம் | பக்கத்தில் வேண்டிய இடம் | திசைக் கட்டுப்பாடு | ஏற்ற சூழல் |
|---|---|---|---|---|
| எஞ்சினை நிறுத்தித் தணியவிடுதல் | மிக அதிகம் | குறைவு | மெல்ல இழக்கும் | திட்டமிட்ட வேகக் குறைப்பு |
| முழுப் பின்னியக்கம் | 15 முதல் 20 நீளம் வரை | கணிக்க இயலாது | இல்லை | குறைந்த வேகம், இடமில்லாத நிலை |
| முழுச் சுக்கான் திருப்பம் | நான்கரை நீளம் வரை | 5 நீளம் வரை | உண்டு | திறந்த கடல் |
| சுக்கானை மாற்றித் திருப்புதல் | அதிகம் | மிதம் | பெரும்பாலும் உண்டு | அகலமான வழித்தடம் |
| நங்கூரம் | வேகத்தைப் பொறுத்தது | குறைவு | அணியத்தில் ஓரளவு | ஆழமற்ற நீர், மிகக் குறைந்த வேகம் |
| இழுவைப் படகு | மிதம் | குறைவு | உண்டு | துறைமுக வழி, எஞ்சின் இழப்பு |

## 2 மைல் தடைக்கு என் விடை

திறந்த கடல், பக்கத்தில் வேறு கப்பல் இல்லை, ஆழம் போதும் என்றால் முழுச் சுக்கான் திருப்பம். எஞ்சினை முன்னோக்கியே ஓடவிட்டு, தடை தெளிவாக விலகிய பிறகு வேகத்தைக் குறைக்கலாம். இருபுறமும் ஆழம் குறைந்து, நடுவே சில நீள அகலம் மட்டும் இருக்குமானால் சுக்கானை மாற்றித் திருப்புவதைத் தொடங்கி, பின்னியக்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். இரண்டு பக்கமும் அடைபட்ட கால்வாயில் பின்னியக்கமும் நங்கூரமும் மட்டுமே மிஞ்சும். அங்கே 15 நாட் வேகத்தில் சென்றிருக்கவே கூடாது. பாதுகாப்பான வேகத்தை முடிவு செய்யும்போது நிற்கும் தொலைவையும் திரும்பும் திறனையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அதே மோதல் தவிர்ப்பு விதிகளின் ஆறாவது விதி சொல்வது இதற்காகத்தான்.

இந்தக் கட்டுரையின் எண்கள் வரம்புகள். உங்கள் கப்பலின் எண்கள் கட்டளை மேடையின் சுவரில் ஒட்டியிருக்கும். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் 1987ஆம் ஆண்டுத் தீர்மானம் பரிந்துரைத்த அந்தச் சுவரொட்டியில், சரக்கோடும் சரக்கின்றியும் எனத் திருப்ப வட்டங்களும் நிற்கும் தொலைவுகளும் தனித்தனியே வரையப்பட்டிருக்கும். அதில் ஓர் எச்சரிக்கையும் அச்சாகியிருக்கும்: அமைதியான வானிலை, நீரோட்டம் இல்லாமை, கப்பலின் மூழ்காழத்தைப் (நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழத்தைப்) போல இருமடங்குக்குக் குறையாத ஆழம், பாசி பிடிக்காத அடித்தளம் ஆகிய நிலைமைகள் மாறினால் கப்பல் வேறுவிதமாக நடந்துகொள்ளலாம் என்று. வட்டங்களைப் பார்ப்பதற்கு முன் அந்த வரிகளைப் படித்துவிட்டு, இன்றைய காற்றையும் இன்றைய ஆழத்தையும் அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.